தீர்ப்புக்கு நிற்கும் முகங்கள்

டென்மார்க் நாட்டுத் திரைப்பட இயக்குநர் கார்ல் தியோடர் டிரையர், 1919 முதல் 1964 வரையிலான நாற்பத்தைந்து ஆண்டுகளில் 14 முழுநீளப் படங்களையே உருவாக்கினார். அவற்றுள் 9 படங்கள் முதற் பத்து ஆண்டுகளுக்குள் வெளிவந்துவிட்டன. எஞ்சிய ஐந்தையும் எடுத்து முடிக்க அவருக்கு முப்பத்தாறு ஆண்டுகள் தேவைப்பட்டன. படைப்பாற்றல் வற்றிப்போனதால் நேர்ந்த தாமதம் என்று இதனைச் சொல்ல இயலாது. அவரை நம்பிப் பணம் போட ஆளில்லை. திரைப்படக் கலையின் முதல் வரிசைக் கலைஞர்களுள் ஒருவராக இன்று போற்றப்படும் மனிதர், தம் வாழ்நாளின் பெரும்பகுதியைப் படம் எடுக்காமலே கழிக்க நேர்ந்தது.

இவருடைய படங்களைத் தொடர்ந்து பார்ப்போர்க்கு ஒரு காட்சி மீண்டும் மீண்டும் எதிர்ப்படும். ஒருவர், பெரும்பாலும் ஒரு பெண், தனியே நிற்கிறார். எதிரே சட்டமும் மறைநூலும் கற்ற ஆடவர் அமர்ந்திருக்கின்றனர். கேள்விகள் எழுகின்றன. படக்கருவியோ கேள்வி கேட்போரை விட்டு அகன்று, கேட்கப்படுபவரின் முகத்திலேயே தங்கிவிடுகிறது. இக்காட்சி டிரையருக்கு எங்கிருந்து கிடைத்தது, அது அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைச் சற்று நிதானமாக நோக்க விழைகிறோம்.

1889-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் கோபன்ஹேகன் நகரில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தாயின் பெயர் ஜோசபின் நில்சன். தென் ஸ்வீடனில் ஒரு பண்ணை வீட்டில் இல்லப் பணிப்பெண்ணாக இருந்தவர். குழந்தையின் தந்தை அப்பண்ணையின் உரிமையாளர். மணமாகாத தாய் என்னும் பழிச்சொல்லுக்கு அஞ்சி, கடலிடுக்கைக் கடந்து அயல்நாட்டுத் தலைநகருக்கு வந்து மறைவாகப் பிள்ளை பெற்றார் ஜோசபின். பெற்ற பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினார். இரண்டு ஆண்டுகளுக்குள் மீண்டும் கருவுற்றார். இம்முறை கடல் கடக்க வழியில்லை போலும். கருவைக் கலைக்க முயன்று, பாஸ்பரஸ் நஞ்சினால் 1891-இல் உயிர் நீத்தார். அவரை எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை. ஊராரின் கண்களே நீதிமன்றமாக இருந்த காலம் அது. நம் ஊர்களில் அக்காலம் முற்றிலும் முடிந்துவிட்டதென்று நாம் சொல்லிவிட முடியுமா?

குழந்தை சில காலம் அநாதை இல்லத்திலும் வளர்ப்பு வீடுகளிலும் கைமாறியபின், கோபன்ஹேகனில் அச்சுக்கோப்பாளராக இருந்த கார்ல் தியோடர் டிரையரும் அவர் மனைவியும் அதனைத் தத்தெடுத்தனர். வளர்ப்புத் தந்தையின் பெயரே மகனுக்கும் இடப்பட்டது. அவ்வீட்டில் உணவுக்குக் குறைவில்லை. ஆனால் உண்ணும் ஒவ்வொரு கவளத்துக்கும் நன்றிக்கடன் பட்டவன் என்பதை அவர்கள் நினைவூட்டத் தவறவில்லை என்று டிரையர் பிற்காலத்தில் கூறியதுண்டு. பெற்ற தாயைப் பற்றியும் இழிவான பேச்சே காதில் விழுந்தது. இளைஞரானபின் அவர் தாமே தேடிச்சென்று, தாயின் வாழ்வையும் சாவையும் பற்றிய உண்மையை அறிந்துகொண்டார். அதன்பின் தாயைக் குறித்த ஏளனம் அவர் உள்ளத்தில் இரக்கமாக மாறிற்று. தம்மை வளர்த்த குடும்பத்தை மன்னிக்க மட்டும் அவரால் இறுதிவரை இயலவில்லை. 1982-இல் மொரிஸ் துரூசி எழுதிய வாழ்க்கை வரலாறு வெளிவந்தபோதுதான் இச்செய்திகள் உலகறிய வந்தன. ஒரு கலைஞரின் படைப்பு முழுவதையும் அவருடைய பிள்ளைப்பருவக் காயத்தைக் கொண்டே விளக்கிவிடும் போக்கு நமக்கு உடன்பாடானது அன்று. எனினும் டிரையரிடத்தில் அக்காயத்தை மறந்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது.

தந்தி நிறுவனம் ஒன்றில் கணக்கெழுதிக்கொண்டிருந்த இளைஞர் அவ்வேலையை உதறிவிட்டுப் பத்திரிகைத் துறைக்கு வந்தார். நாடகம், விமானப் பயணம், நகரத்துப் பெரிய மனிதர்களின் குறைநிறைகள் என எதைப் பற்றியும் கூர்மையாக எழுதினார். பலூனில் ஏறி வானத்தில் பறந்ததும் உண்டு. 1911-இல் எப்பா லார்சன் என்பவரை மணந்தார். அடுத்த சில ஆண்டுகளில் அந்நாட்டின் பெரிய திரைப்பட நிறுவனமாகிய நோர்டிஸ்க் அவரைப் பணியில் அமர்த்திக்கொண்டது. ஊமைப்படங்களுக்கு இடைத்தலைப்பு எழுதுவது, கதைகளைத் திரைக்கேற்பச் சுருக்குவது, படத்தை வெட்டி ஒட்டுவது ஆகிய வேலைகளை அங்கே அவர் கற்றார். சொற்சிக்கனம் அவருக்கு இப்பள்ளியில் வாய்த்தது என்றே கருதுகிறோம்.

1919-இல் வெளிவந்த முதற்படத்துக்கு அவர் தேர்ந்தெடுத்த கதை எது? ஒரு நீதிபதி, அவர் முன் ஒரு பெண் குற்றவாளியாக நிறுத்தப்படுகிறாள், தான் பெற்ற சிசுவைக் கொன்றாள் என்பது குற்றச்சாட்டு. அவள் வேறு யாருமல்லள், திருமணத்துக்கு வெளியே பிறந்த அந்நீதிபதியின் சொந்த மகளே. முப்பது வயது இளைஞர் ஒருவர், தம் பெற்றோரின் வழக்கைத் திரையில் மறுவிசாரணைக்கு எடுத்துக்கொண்டார் என்றால் அது மிகையாகாது. 'தலைவர்' என்னும் அப்படம் கலையளவில் பெரிதும் பேசத்தக்கதன்று. ஆனால் அதில் ஒரு குறிப்பைக் கவனிக்க வேண்டும். சிறு பாத்திரங்களுக்குக்கூட ஒப்பனை பூசிய நடிகர்களைத் தேடாமல், தெருவில் காணும் முதியவர்களின் சுருக்கம் விழுந்த முகங்களை அவர் தேடத் தொடங்கிவிட்டார்.

அடுத்து வந்த 'சாத்தானின் ஏட்டிலிருந்து சில பக்கங்கள்' நான்கு காலங்களைச் சித்திரிக்கிறது: இயேசுவின் காலம், ஸ்பெயின் நாட்டுச் சமய விசாரணை, பிரெஞ்சுப் புரட்சி, 1918-இன் ஃபின்லாந்து உள்நாட்டுப் போர். சாத்தான் ஒவ்வொரு காலத்திலும் ஒரு வேடத்தில் வருகிறான். இயேசுவின் காலத்தில் அவன் வரும் வேடம் பரிசேயன். இந்த இடத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம். 1922-இல் ஜெர்மனியில் எடுத்த ஒரு படத்தில், 1905-ஆம் ஆண்டளவில் ரஷ்யாவில் யூத மக்கள்மீது ஏவப்பட்ட கொலைவெறியை அவர் காட்டினார். நார்வேயில் எடுத்த 'போதகரின் கைம்பெண்' நகைச்சுவை இழையோடும் அழகிய படம். டிரையருக்குச் சிரிக்கத் தெரியாது என்று நினைப்பவர்கள் அதனைப் பார்க்கலாம். 1925-இல் வந்த 'வீட்டின் தலைவர்' மனைவியைக் கசக்கிப் பிழியும் கணவன் ஒருவனை, வீட்டிலிருக்கும் முதிய செவிலித்தாய் வழிக்குக் கொண்டுவரும் கதை. இப்படத்துக்காக அரங்கினுள் ஒரு நடுத்தர வர்க்கத்து வீட்டையே, தண்ணீர்க் குழாயும் எரிவாயு அடுப்பும் வேலைசெய்யும் வகையில் அவர் கட்டச்செய்தார். படம் பிரான்சு நாட்டில் பெருவெற்றி பெற்றது. அதன் விளைவாகப் பாரிஸ் நகரத்து நிறுவனம் ஒன்று அவரை அழைத்தது.

பிரெஞ்சு வரலாற்றிலிருந்து ஒரு பெண்ணைக் குறித்துப் படம் எடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். மரி அந்துவானெத், கத்தரீன் தெ மெடிச்சி, ஜோன் ஆஃப் ஆர்க் ஆகிய மூவருள் யார் என்பதைத் தீக்குச்சிகளைக் கொண்டு சீட்டுப்போட்டு முடிவுசெய்ததாக டிரையர் சொல்வதுண்டு. சீட்டு யாரைக் காட்டியிருந்தாலும் அவர் எடுத்திருக்கக்கூடியது ஜோனின் கதையைத்தான் என்பது நம் எண்ணம். திருத்தந்தை 15-ஆம் பெனடிக்ட் 1920-இல் ஜோனைப் புனிதர் நிலைக்கு உயர்த்தியிருந்தார். பிரான்சு முழுவதும் அவருடைய உருவம் கவசமணிந்த வீராங்கனையாக, கொடியேந்திய நாட்டின் காவல் தெய்வமாகப் போற்றப்பட்டுக்கொண்டிருந்தது. டிரையர் கவசத்தையும் குதிரையையும் போர்க்களத்தையும் ஒதுக்கிவிட்டார். 1431-இல் ரூவான் நகரில் நடந்த விசாரணையின் எழுத்துப் பதிவு அவர் கையில் இருந்தது. அதனைப் பதிப்பித்த வரலாற்று அறிஞர் பியர் ஷாம்பியன் படத்துக்கு ஆலோசகராகவும் அமைந்தார். மாதக்கணக்கில் நீடித்த விசாரணை, படத்தில் ஒரே நாளில் நடப்பதுபோலச் சுருக்கப்பட்டது.

ஜோனாக நடிக்க அவர் தேடிப்பிடித்தவர் ரெனே ஃபால்கொனெட்டி. பாரிஸ் நாடக மேடையில் இலேசான நாடகங்களில் நடித்துக்கொண்டிருந்தவர். அவ்வொப்பனைக்குப் பின்னால் வேறொரு முகம் இருப்பதாக டிரையருக்குத் தோன்றியதாம். நடிகர் எவருக்கும் ஒப்பனை கிடையாது. நீதிபதிகளாக நடித்தவர்கள் படப்பிடிப்பு முடியும்வரை துறவியரைப்போல உச்சந்தலையை மழித்துக்கொண்டே இருக்கவேண்டும், தொப்பியால் மறைந்துவிடும் காட்சிகளிலும்கூட. கதை நிகழும் வரிசையிலேயே காட்சிகள் எடுக்கப்பட்டன. கீழிருந்து மேல்நோக்கிப் படம்பிடிப்பதற்காகத் தரையெங்கும் குழிகள் தோண்டப்பட்டன. குழிகள் பெருகவே, துளைகள் நிறைந்த குரூயேர் என்னும் பாலாடைக்கட்டியின் பெயரையே தொழிலாளர்கள் இயக்குநருக்குச் சூட்டிக் கேலிசெய்தனர். நாடகமேடையில் தேர்ந்த யூஜீன் சில்வேன் ஆயர் கோஷோனாகவும், கவிஞர் அந்தொனென் ஆர்த்தோ இரக்கமுள்ள இளங்குருவாகவும் நடித்தனர். பெருஞ்செலவில் கட்டப்பட்ட கோட்டை திரையில் முழுமையாக எங்குமே தெரியவில்லை. தயாரிப்பாளர்கள் மனம் நொந்ததில் வியப்பில்லை. அவர்கள் கட்டியது கோட்டை; அவர் எடுத்தது முகங்களை.

இப்படத்தைக் காணும் நமக்கு ஒரு சங்கடம் உண்டு, அதை மறைக்க வேண்டுவதில்லை. ஜோனை விசாரித்தோர் கயவர் கூட்டத்தார் அல்லர். அவர்கள் திருச்சபையின் ஆயர், இறையியல் வல்லுநர், துறவியர். பாரிஸ் பல்கலைக்கழகத்து அறிஞர்களின் ஆதரவும் அவர்களுக்கு இருந்தது. படத்தில் அவர்கள் கேட்கும் கேள்விகள் பல, பதிவேட்டில் உள்ளவையே. நீ அருள்நிலையில் இருக்கிறாயா என்று வினவுகின்றனர். ஆம் என்றாலும் இல்லையென்றாலும் அகப்பட்டுக்கொள்ளும் கண்ணி அது. எழுதப் படிக்கத் தெரியாத பத்தொன்பது வயதுப் பெண் அதற்குச் சொன்ன மறுமொழி, அவ்வறிஞர்களைத் திகைக்கவைத்தது: அந்நிலையில் இல்லையெனில் இறைவன் தம்மை அதில் சேர்க்கட்டும், இருப்பின் அதில் காக்கட்டும் என்னும் பொருள்பட அவர் விடையளித்தார். பின்னொரு காட்சியில் நற்கருணையைச் சிறைக்கூடத்துக்கே கொண்டுவருகின்றனர். முதலில் கையொப்பமிடு, பிறகு பெற்றுக்கொள் என்கின்றனர். அவர் மறுக்கவே, அதைத் திரும்ப எடுத்துச்செல்கின்றனர். இறையன்பின் அடையாளம் பேரம்பேசும் பொருளாக மாறும் அந்தக் கணத்தில் ஃபால்கொனெட்டியின் முகத்தைப் பார்த்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள்.

ஆயினும் டிரையர் நீதிபதிகள்மீது பகைமை பாராட்டவில்லை. அவர்களுள் ஒருவர் அப்பெண்ணின் காலடியில் மண்டியிட்டு, இவர் புனிதர் என்று அறிக்கையிட்டு வெளியேறுகிறார். மற்றவர்களின் முகங்களிலும் ஐயமும் அச்சமும் சில நொடிகள் தோன்றி மறைகின்றன. தாம் செய்வது சரியே என்று நம்புகிறவர்களின் கொடுமை அது. தீயவனைக் காட்டி வெறுக்கச் சொல்வது எளிய வேலை. நல்லவர்களும் கற்றவர்களும் கூடியமர்ந்து ஒரு பெண்ணைத் தீக்கு அனுப்புவது எப்படி நிகழ்கிறது என்பதைக் காட்டுவது கடினம். ரூவான் தீர்ப்பைத் திருச்சபையே 1456-இல் மறுவிசாரணை செய்து செல்லாதென அறிவித்தது என்பதையும் இங்கே நினைவுகூர்வது முறை. இருபத்தைந்து ஆண்டுகள் தாமதமாகத்தான்.

1928 ஏப்ரலில் கோபன்ஹேகனில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட படம், பிரான்சில் எதிர்ப்பைச் சந்தித்தது. கத்தோலிக்கரும் அல்லாத, பிரெஞ்சுக்காரரும் அல்லாத ஒருவர் எம் புனிதையைப் படமாக்குவதா என்று தேசியவாதிகள் படப்பிடிப்புக்கு முன்பிருந்தே கொதித்துக்கொண்டிருந்தனர். பாரிஸ் பேராயர் சில பகுதிகளை நீக்கக் கோரினார். அரசின் தணிக்கையாளரும் கத்தரியை எடுத்தனர். இயக்குநரின் சொல் எடுபடவில்லை. இங்கிலாந்திலோ ஆங்கிலப் படைவீரர்கள் இழிவாகக் காட்டப்படுகின்றனர் என்று தடைவிதித்தனர்.

மனிதர் செய்ததன் மேல் நெருப்பும் தன் பங்கைச் செய்தது. 1928 டிசம்பரில் பெர்லின் நகரில் மூலப்படச்சுருள் எரிந்துபோயிற்று. டிரையர் சோர்ந்துவிடாமல், ஒதுக்கிவைத்திருந்த மாற்றுப் பதிவுகளைக் கொண்டு படத்தை மீண்டும் முதலிலிருந்து தொகுத்தார். அடுத்த ஆண்டு நேர்ந்த மற்றொரு தீவிபத்தில் அதுவும் அழிந்தது. பின்னர் உலகம் பல்லாண்டுகள் கண்டவை சிதைந்த பிரதிகளே. 1951-இல் பிரான்சில் ஒருவர் எஞ்சிய பிரதி ஒன்றைக் கண்டெடுத்து, செவ்வியல் இசைத்துண்டுகளை அதன்மேல் ஒட்டி வெளியிட்டபோது டிரையர் வருந்தினார். அவர் மறைந்து 13 ஆண்டுகள் கழித்து, 1981-இல் நார்வேயின் ஓஸ்லோ நகர்க்கு அருகிலுள்ள டிக்கமார்க் மனநல மருத்துவமனையில், ஓர் அறையில் கிடந்த படச்சுருள் பெட்டிகள் வெளிப்பட்டன. திறந்து ஆராய்ந்தபோது, தணிக்கைக் கத்தரி படாத முதல் வடிவம் அதனுள் பத்திரமாக இருந்தது. மனம் பேதலித்தவள் என்றும் சூனியக்காரி என்றும் ஏசப்பட்ட பெண்ணின் படத்துக்கு மனநல மருத்துவமனை அடைக்கலம் தந்திருக்கிறது. 1995-இல் திரைப்படக் கலையின் நூற்றாண்டையொட்டி வத்திக்கான் வெளியிட்ட 45 சிறந்த படங்களின் பட்டியலில், சமயம் என்னும் பிரிவில் இப்படம் இடம்பெற்றது. பாரிஸ் பேராயரகம் வெட்டச்சொன்னதற்கும் இதற்கும் இடையே 67 ஆண்டுகள். ஃபால்கொனெட்டி இதற்குப்பின் பெரிய படம் எதிலும் நடிக்கவில்லை. 1946-இல் புவனஸ் அயர்ஸ் நகரில் காலமானார்.

1932-இல் வந்த 'வாம்பயர்' பற்றி நாம் அதிகம் சொல்லப்போவதில்லை. அச்சமூட்டும் கனவைப்போன்ற அப்படத்துக்குப் பிரபு ஒருவர் பணம் கொடுத்து, தாமே வேறு பெயரில் நடிக்கவும் செய்தார். பெர்லின் நகரத்துப் பார்வையாளர்கள் கூச்சலிட்டு எள்ளினர். டிரையரின் உடலும் உள்ளமும் நொறுங்கின. அதன்பின் பதினொரு ஆண்டுகள் அவர் பெயரில் ஒரு முழுநீளப் படமும் வரவில்லை.

அந்த வறண்ட ஆண்டுகளில் அவர் பிழைப்புக்கு என்ன செய்தார் என்பது நமக்கு ஆர்வமூட்டும் செய்தி. பழைய பத்திரிகைத் தொழிலுக்கே திரும்பி, நீதிமன்ற நிருபராக வேலைபார்த்தார். கோபன்ஹேகன் நீதிமன்றங்களில் சிறு திருட்டுக்கும் குடும்பச் சச்சரவுக்கும் விசாரிக்கப்படும் எளிய மனிதர்களைப் பார்த்துப் பார்த்து எழுதினார். திரையில் கற்பனையாகக் கண்டதை இப்போது மரத்தடுப்புக்கு இப்பால் அமர்ந்து நாள்தோறும் கண்டார். 1942-இல் மீண்டும் படக்கருவியைத் தொட வாய்ப்பு வந்தது. அது ஒரு குறும்படம். பன்னிரண்டு நிமிடங்களுக்கு மேல் ஓடாது. பொருள்: ஆதரவற்ற தாய்மாருக்கும் மணமாகாமல் கருவுற்ற பெண்களுக்கும் துணைநிற்கும் டென்மார்க்கு நாட்டு அமைப்பின் பணி. ஓர் இளம்பெண் தயங்கித் தயங்கி வருகிறாள், மருத்துவரும் செவிலியரும் ஊழியரும் அவளைப் பழிக்காமல் வரவேற்கின்றனர், குழந்தை பிறக்கிறது. அரசுத் துறைக்காக எடுத்த சாதாரண விளக்கப் படம் என்று இதை ஆய்வாளர் பலர் கடந்துபோகின்றனர். 1891-இல் இறந்த ஜோசபின் நில்சனை அறிந்தவர்களால் அவ்வாறு கடந்துபோக முடியாது.

1943 நவம்பரில் 'சினத்தின் நாள்' வெளிவந்தது. டென்மார்க் அப்போது ஜெர்மானியப் படையின் ஆக்கிரமிப்பில் இருந்தது. முந்திய மாதம்தான் அந்நாட்டு யூதர்களைக் கைதுசெய்யும் வேட்டை தொடங்கி, அவர்களுள் பெரும்பாலோரை மக்கள் படகுகளில் ஏற்றி ஸ்வீடனுக்குத் தப்புவித்திருந்தனர். படமோ பதினேழாம் நூற்றாண்டில் சூனியக்காரியென்று எரிக்கப்படும் ஒரு மூதாட்டியையும், அதே பழி தன்மேல் விழ அதை ஏற்றுக்கொண்டுவிடும் ஓர் இளம் பெண்ணையும் பற்றியது. முன்னவளைத் தீர்ப்பிடும் வயதான போதகர், பின்னவளின் கணவர். அவளை மணக்கவேண்டி அவளுடைய தாயை ஒரு காலத்தில் இதே குற்றச்சாட்டிலிருந்து காப்பாற்றியவர். மூதாட்டியின் வேதனைக் குரல் ஒலிக்க, போதகர்கள் எழுத்தரிடம் குறிப்பெழுதச் சொல்லிக்கொண்டிருக்கும் காட்சி நெஞ்சை உறையவைப்பது. அண்டைவீட்டார் காட்டிக்கொடுத்து மறைந்துபோகும் காலத்தில், இப்படம் எதைச் சொல்கிறது என்பதை மக்கள் புரிந்துகொண்டனர். அப்படியோர் உட்பொருளை எண்ணவில்லை என்று டிரையர் மறுத்துவந்தார். படத்தை விற்கச் செல்வதாகச் சொல்லி ஸ்வீடனுக்குப் போனவர், போர் முடியும்வரை திரும்பவில்லை. அங்கே 1945-இல் எடுத்த படத்தை அவரே தம் படமாக ஏற்கவில்லையாதலால் நாமும் விட்டுவிடலாம்.

போருக்குப்பின் அரசுத் துறைகளுக்காகக் கிராமத்துக் கோயில்கள், புற்றுநோய் எதிர்ப்பு, பாலம், சிற்பி தோர்வால்சன் எனக் குறும்படங்கள் எடுத்தார். சாலைப் பாதுகாப்புக்காக 1948-இல் எடுத்த ஒன்று, படகுத்துறைக்கு விரையும் இருவரின் மோட்டார் சைக்கிள் பயணத்தைக் காட்டி, இறுதியில் நம்மைத் திடுக்கிட வைக்கிறது. 1952-இல் கோபன்ஹேகனின் டக்மார் திரையரங்கை நடத்தும் உரிமத்தை அரசு அவருக்கு வழங்கியது. அறுபத்து மூன்று வயதில்தான் நிலையான வருவாய் வந்தது. பிறர் எடுத்த படங்களை ஓட்டி, தாம் எடுக்கப்போகும் படத்துக்காகக் காத்திருந்தார்.

அக்காத்திருப்பின் பயன் 'வார்த்தை'. லூத்தரன் சபைப் போதகரும் நாடக ஆசிரியருமான காய் முங்க் எழுதிய நாடகம் அது. 1932-இல் அது மேடையேறியபோதே டிரையர் கண்டு அதனைப் படமாக்க விரும்பினார். நாஜிகளைத் துணிந்து எதிர்த்துப் பேசிய முங்க், 1944 ஜனவரி 4-ஆம் நாள் கெஸ்டாப்போவினரால் கொல்லப்பட்டார். முங்க் போதகராயிருந்த வேடர்சோ ஊர்ப்பகுதியிலேயே வெளிப்புறக் காட்சிகளை டிரையர் எடுத்தார். ஒரு பண்ணைக் குடும்பம். முதிய தந்தையின் கிறிஸ்தவம் வாழ்வைக் கொண்டாடும் வகையைச் சேர்ந்தது; ஊர்த் தையற்காரரின் கிறிஸ்தவமோ பாவத்தையும் தண்டனையையும் எண்ணிப் பெருமூச்செறிவது. இவர்கள் பிள்ளைகள் ஒருவரையொருவர் விரும்ப, பெரியவர்கள் சபை வேற்றுமை பேசி முறைத்துக்கொள்கின்றனர். மூத்த மகனுக்குக் கடவுள் நம்பிக்கையே இல்லை. இறையியல் படிக்கப்போன நடு மகன் சித்தம் கலங்கித் தன்னை இயேசு என்றே எண்ணித் திரிகிறான். எல்லாரையும் தன் சிரிப்பினால் கட்டிவைத்திருப்பவள் மூத்த மருமகள் இங்கர். அவள் பேறுகாலத்தில் இறந்துபோகிறாள், குழந்தையும் பிழைக்கவில்லை.

பண்ணைவீட்டுச் சமையலறையை அமைக்கும்போது, ஓர் இல்லத்தரசிக்கு வேண்டிய அத்தனைப் பொருள்களையும் கொண்டுவந்து நிரப்பச் சொல்லி, பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்து, சிலவற்றை மட்டும் விட்டுவைத்தாராம் டிரையர். படம் முழுவதும் அவ்வாறே அமைந்துள்ளது. இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட படத்தில் காட்சித்துண்டுகள் 114 மட்டுமே. பேறுகால வேதனைக் குரலுக்காக, உண்மையிலேயே கருவுற்றிருந்த நடிகை பிர்கித்தே ஃபெடர்ஷ்பீலின் பிரசவ வலிக் குரலே பதிவுசெய்யப்பட்டது. கலைக்காக மனிதரிடம் இவ்வளவு கேட்கலாமா என்பது நியாயமான வினா. கொடுமையைக் காட்டிய இம்மனிதர், நடிகர்களிடம் தாமே கடுமையாக நடந்துகொண்டவர் என்னும் குற்றச்சாட்டு அவர்மேல் ஃபால்கொனெட்டி காலந்தொட்டு உண்டு.

இறுதிக் காட்சியில், சித்தம் தெளிந்து திரும்பும் நடு மகன் சவப்பெட்டியருகே வருகிறான். இங்கரின் சிறுமகள் அவன் கையைப் பிடித்துக்கொள்கிறாள். அவளுக்கு ஐயமே இல்லை. போதகரும் மருத்துவரும் பார்த்துக்கொண்டிருக்க, அவன் இறைவன் பெயரால் அழைக்கிறான். இங்கரின் விரல்கள் அசைகின்றன. மின்னலும் இல்லை, புகையும் இல்லை. பகல் வெளிச்சம் நிறைந்த ஒரு வெண்மையான அறை. எழுந்தவள் முதலில் தேடுவது கணவனை. அடுத்து, குழந்தை எங்கே என்கிறாள். அவிசுவாசியாயிருந்த கணவன், அது இறைவனிடத்தில் வாழ்கிறது என்கிறான். 1955-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் இப்படத்துக்குத் தங்கச் சிங்க விருது வழங்கப்பட்டது. வத்திக்கான் பட்டியலின் அதே பிரிவில் இதுவும் உள்ளது. இறையியலார் இதனை உயிர்ப்பின் மறைபொருளோடு இணைத்து விளக்குவர், அது பொருத்தமே. நமக்கோ இன்னொன்றும் தோன்றுகிறது. வயிற்றுப் பிள்ளையோடு மாண்ட ஒரு தாய் சவப்பெட்டியிலிருந்து எழுந்து அமர்வதை, அறுபத்தைந்து வயது முதியவர் ஒருவர் படம்பிடித்திருக்கிறார்.

1964-இல் 'கெர்த்ரூத்' பாரிஸில் வெளியானபோது, இருவர் அமர்ந்து பேசிக்கொண்டேயிருக்கும் படம் என்று ஏளனம் செய்தனர். மெல்ல நகரும் படம்தான். பொறுமையில்லாதார்க்கு நாமும் அதைப் பரிந்துரைக்கமாட்டோம்.

ஆனால் இவ்வத்தனை ஆண்டுகளும் அவர் உள்ளத்தில் வளர்ந்துகொண்டிருந்த படம் வேறு. இயேசுவின் வாழ்க்கையைப் படமாக்க வேண்டும் என்பதே அது. 1950-ஆம் ஆண்டளவில் பிளெவின்ஸ் டேவிஸ் என்னும் அமெரிக்கத் தயாரிப்பாளரின் அழைப்பில் மிசூரி மாநிலத்தின் இண்டிபெண்டன்ஸ் நகருக்குச் சென்று தங்கித் திரைக்கதையை எழுதி முடித்தார். வாக்களித்த பணம் வரவேயில்லை. டிரையர் வேறு எவரையும் நாடாமல் ஆண்டுக்கணக்கில் அவ்வாக்கையே நம்பியிருந்தது பேதைமை என்றுதான் சொல்லவேண்டும்.

நாட்டை ஜெர்மானியர் ஆண்ட நாள்களில் அவருக்கு ஓர் எண்ணம் உதித்தது. அயலார் ஆட்சியின்கீழ் வாழ்வது எப்படியிருக்கும் என்பதை டென்மார்க்கு மக்கள் இப்போது அறிந்தனர். உரோமையரின்கீழ் பாலஸ்தீனத்து யூதர்கள் வாழ்ந்ததும் இப்படித்தானே? அங்கிருந்து அவர் விசாரணைக் காட்சியைப் புதிதாக நோக்கினார். ஆக்கிரமிப்பு அரசு கலகத்துக்கு அஞ்சி ஒருவரைக் கொன்றது. அப்பழியை ஓர் இனம் முழுவதன் தலையிலும் சுமத்தி, பல நூற்றாண்டுகள் அவ்வினத்தைக் கொன்றுகுவித்தோம் என்று அவர் கருதினார். எனவே தம் படத்தில் இயேசு யூதராகவே தோன்றவேண்டும், யூத நடிகர் ஒருவரே அவராக நடிக்கவேண்டும் என்று உறுதிகொண்டார். எபிரேய மொழியைக் கற்கலானார். இஸ்ரயேலுக்கும் சென்று வந்தார். இளமையில் சாத்தானுக்குப் பரிசேய வேடம் தந்த அதே இயக்குநர் இவர். அப்படத்தை அவர் மறுத்துப் பேசினாரோ இல்லையோ, இத்திரைக்கதை அதற்கான மறுப்பாகவே அமைந்துள்ளது.

1965 அக்டோபர் 28-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சமயங்களைப் பற்றிய தன் அறிக்கையில், இயேசுவின் பாடுகளுக்கான பழியை அன்று வாழ்ந்த யூதர் அனைவர்மேலும் வேறுபாடின்றியோ, இன்று வாழும் யூதர்மேலோ சுமத்தலாகாது என்று தெளிவுறக் கூறியது. லூத்தரன் மரபில் வளர்ந்த ஒரு திரைப்பட இயக்குநர் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். முன்பு புனித ஜோனின் வழக்கில் பேராயரகமும் இவரும் எதிரெதிரே நின்றதை எண்ணும்போது, இச்சந்திப்பு நமக்கு மகிழ்ச்சி அளிக்கிறது. ஜோனாயினும், சூனியக்காரியென எரிக்கப்பட்ட மூதாட்டியாயினும், ஓர் இனத்தாராயினும், கூடிநின்று பழிசுமத்துவோரின் குரலுக்கு எதிரே குற்றம் சாட்டப்பட்டவரின் முகத்தைக் காட்டுவதே தம் வேலை என்று அவர் கொண்டிருந்தார்.

1967-இல் டென்மார்க் அரசு இயேசு படத்துக்காக 30 இலட்சம் குரோனர் வழங்க முன்வந்தது. இத்தாலிய வானொலி-தொலைக்காட்சி நிறுவனமும் ஆர்வம் காட்டியது. எழுபத்தெட்டு வயதில் முதன்முறையாகப் பணம் அவரைத் தேடி வந்தது. 1968 மார்ச் 20-ஆம் நாள், நுரையீரல் அழற்சியால் டிரையர் கோபன்ஹேகனில் காலமானார். படமாகாமல் விட்டுச்சென்ற மற்றொரு திரைக்கதையாகிய 'மெடீயா'வை லார்ஸ் ஃபொன் டிரியர் 1988-இல் தொலைக்காட்சிப் படமாக எடுத்தார். இயேசுவின் திரைக்கதை அவர் மறைந்த ஆண்டிலேயே நூலாக வெளிவந்தது. தலைமைச் சங்கத்தின் முன்னும் பிலாத்துவின் முன்னும் இயேசு நிற்கும் பக்கங்களை அதில் வாசிக்கலாம். அம்முகத்தின் அருகே டிரையர் தம் படக்கருவியை எங்கே வைத்திருப்பார் என்பதைக் காணும் பேறு நமக்கு வாய்க்கவில்லை.